பதினேழாம் எண் பேயின் குதிகால்

நொண்டுகிற ஆளைப் பிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று துப்பறிவாளர் ஹெர்மினெ ராய்னர் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ரயில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டார். நகரத்து ஆட்கள் செய்கிற தவறு இது. டிசம்பர் மாதம், பனிச்சறுக்குப் பாதைகள் திறந்த முதல் வாரம். எங்கள் ஊரில் அந்த வாரம் நொண்டாத ஆளைத் தேடுவதுதான் கஷ்டம்.

ரொட்டிக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்தார்.

"பதினொண்ணு," என்றார்.

"பன்னெண்டு. அந்த நாயை விட்டுட்டே," என்றான் லோயிஸ்.

லோயிஸ் அவருடைய உதவியாளன், எங்கள் ஊர்க்காரன். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடம் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவன், மலை மீட்புக் குழுவில் தொண்டன். எதையும் ஒருமுறை கிண்டல் செய்யாமல் அவனுக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்காது. முதலாளியம்மாவை அவன் 'நீ' என்று கூப்பிட்டது திமிரில் இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் யாராக இருந்தாலும் 'நீ, வா, போ'தான் என்பது டிரோல் மலைகளின் எழுதாத சட்டம். எங்கள் ஊர் ஆயிரத்து நாற்பது மீட்டர்.

அந்தச் சட்டத்துக்கும் ஊரில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் அப்போது எதிரே 'தங்கக் கொம்பு' ஹோட்டல் வாசலில், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு டச்சு விருந்தாளிகளிடம் மிகச் செங்குத்தான கறுப்புப் பாதையில் எப்படிச் சறுக்கினேன், எப்படிக் கணுக்கால் திருகியது என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹோட்டல் முதலாளி டாங்கல். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தந்த 'கொமெர்ட்சியல்ராட்' பட்டம் பெற்றவர். தமிழில் வணிகரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டம் அவருடைய வீட்டுக் கதவில், காரில், கல்லறைக்கு முன்பதிவு செய்த கல்லில் எல்லாம் பொறிக்கப்பட்டிருந்தது. பெண்டாட்டி ரோஸினாகூட விருந்தாளிகள் முன்னால் பட்டம் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

"அவரும் லிஸ்ட்ல இருக்காரா?" என்று கேட்டான் லோயிஸ்.

"பதினொண்ணுல ஒருத்தர். அறுபத்தோரு வயசு. பால்கனி ஏறுவாரா?"

"பட்டம் குடுக்கிற இடமா இருந்தா ஏறுவார்."

ஹெர்மினெ சிரிக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு நாள்தான், அதிலும் பாதி போய்விட்டது.

விஷயம் இதுதான். டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை எங்கள் ஊரில் பேய் ஓட்டம். ஆட்டுத்தோல், கொம்பு வைத்த மர முகமூடி, இடுப்பில் மாட்டு மணி, முதுகில் கூடை, கையில் பிரம்பு. நாற்பது கிராம்புஸ் பேய்கள் தெருவில் இறங்கிப் பார்க்கிறவர்களை விரட்டும். பிரம்படி பலமாகப் பட்டால் புகார் கொடுக்க வசதியாக ஒவ்வொரு பேயின் முதுகிலும் நகராட்சி கொடுத்த எண் இருக்கும். எங்கள் நாட்டில் நரகத்துக்கும் பதிவேடு உண்டு. அன்று பதினேழாம் எண் பேய், ஆசிரியை புர்கியின் வீட்டில் விறகு அடுக்கின் மேல் கால் வைத்து முதல் மாடிப் பால்கனிக்கு ஏறியது. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டது. புர்கி படியேறி வரும் சத்தம் கேட்டதும் நான்கு மீட்டர் கீழே கல் தரையில் குதித்தது. அலறியது. பிறகு ஒற்றைக் காலில் தத்தித் தத்தித் தெருமுனை வரை ஓடியது. நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

பெட்டியில் இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள காட்டை வெட்டிப் புதிய கம்பிவடப் பாதை போடக் கூடாது என்ற மனு. பாதை போட விரும்பியவர் டாங்கல். காடு போனால் பனிச்சரிவு நேராகப் பள்ளிக்கூடத்தின் மேல்தான் வரும். மனுவை ஹெர்மினெ வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குள் நகராட்சியில் கொடுத்தாக வேண்டும்.

பேய்ச் சங்கத்தின் பதிவேட்டில் பதினேழாம் எண்ணுக்கு நேரே எழுதியிருந்த பெயர் கோர்பினியன். ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஜனவரி பத்தாம் தேதி புர்கியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன்.

"போகிறவன் இல்லை, போக இருந்தவன்," என்று புர்கி திருத்தினாள். பள்ளி இடைவேளையில் ரொட்டிக்கடைக்கு ஓடி வந்திருந்தாள். ஹெர்மினெயை வரவழைத்ததே அவள்தான். "நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நீயா, இல்லையா? வாயே தொறக்க மாட்டேங்கறான். மூணு நாளாச்சு."

கோர்பினியன் பத்தடி தூரத்தில் வேனிலிருந்து ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். துள்ளிக் குதித்து இறங்கினான். கால் இரண்டும் நன்றாகவே இருந்தன. சங்கத்துக்கு அது சாட்சியமாகப் படவில்லை. 'இளம் எலும்பு, தாங்கும்' என்று செயலாளர் குறிப்பு எழுதிவிட்டார்.

"தம்பி, அந்த எண்ணை யாருக்குக் குடுத்தே?" என்றார் ஹெர்மினெ.

"முகமூடிக்குள்ள யாருன்னு சொல்றது எங்க வழக்கம் இல்ல."

"சரி, நீ இல்லைன்னாவது சொல்லு."

"நான் இல்லைன்னு சொன்னா அப்ப யாருன்னு கேப்பே. கை குடுத்து சத்தியம் பண்ணிட்டேன்." புர்கி நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"அஞ்சு மணிக்கு சங்கக் கூட்டம்," என்றாள் புர்கி, அவனுக்குக் கேட்கும்படி. "கௌரவத் தலைவர் டாங்கல் தலைமையில இவனைச் சங்கத்தை விட்டு நீக்கப் போறாங்க. நீக்கட்டும். ஆனா ஊரையே வித்தவன்னு ஒரு பேர் வந்துட்டா அதோட நான் குடித்தனம் பண்ண முடியாது." அவனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "இவன் செய்யலைன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அது பத்தாதே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவன் மேல்தான் வந்தது. ஆனால் எங்கள் ஊர் ஆண்களை அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

"இங்க நமக்கு வேண்டியது ஒரு முறிஞ்ச கால் இல்ல. முறிஞ்ச விதம்," என்றார் ஹெர்மினெ. "சறுக்கி விழுந்த பத்துப் பேருக்கு நடுவுல குதிச்சு விழுந்தவன் ஒருத்தன். வெளிய இருந்து பாத்தா எல்லாம் மாவுக்கட்டு."

லோயிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "அப்ப கீழ பள்ளத்தாக்குக்குப் போவோம். ஒரு மணிக்குக் கணுக்கால் வகுப்பு."

"கணுக்காலுக்கு வகுப்பா?"

"ஸ்கேன் நிலையத்துல. வருஷா வருஷம் முதல் வாரத்துல உடைஞ்ச காலையெல்லாம் திரையில போட்டு மீட்புக் குழுவுக்குப் பாடம் எடுப்பாங்க. பேரை மறைச்சுட்டுத்தான். கணுக்கால்தானே எங்க ஊர் விவசாயம். விளைச்சலைப் பாக்க வேணாமா?"

கார் மலையிறங்கியது. ஏழாவது வளைவில் 'ஆயிரம் மீட்டர்' என்ற பலகை வந்தது.

"நீ கொஞ்சம் ஜன்னலை மூடு," என்று தொடங்கிய லோயிஸ் பலகையைக் கடந்ததும், "மேடம், தயவு செஞ்சு நீங்க ஜன்னலை மூட முடியுமா?" என்று முடித்தான்.

"உனக்கு இதுல அலுப்பே வராதா?"

"வரும் மேடம். ஆனா மேல போனா சரியாயிடும்."

ஸ்கேன் நிலையத்துக் கூடத்தில் மீட்புக் குழுவினர் இருபது பேர், மாவுருண்டை சூப் குடித்த மயக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்தியவர் டாக்டர் எவெலின். வியன்னாவிலிருந்து அக்டோபரில்தான் வந்தவர். மலைக்காரர்களின் உறவுமுறையும் பகையும் இன்னும் பிடிபடாதவர். சட்டத்தை அட்சர சுத்தமாகப் பின்பற்றுகிறவர். திரையில் வந்த ஒவ்வொரு படத்திலும் நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை இருந்தது.

"எக்ஸ்ரே சுவத்துல விழற நிழல் மாதிரி," என்றார் டாக்டர். "கணுக்கால்ல சின்னச் சின்ன எலும்பு நிறைய. ஒண்ணு மேல ஒண்ணு நிழல் விழுந்து, உடைஞ்சது மறைஞ்சு போகும். சுளுக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு அழுதுட்டே வருவாங்க. சி.டி. ஸ்கேன் அப்படி இல்ல. பேரிக்காய் ரொட்டிய மெல்லிசா வெட்டி, ஒவ்வொரு துண்டா பாக்கிற மாதிரி. வெளிய எல்லா ரொட்டியும் ஒண்ணுதான். வெட்டினாதான் எங்க திராட்சை, எங்க ஓட்டைன்னு தெரியும்."

முதல் படம். பலகையில் சறுக்குகிற ஆளுடைய கணுக்கால். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்து நின்றது. கீழே எழுதியிருந்தது: 'பொறியாளர்', பிறகு கறுப்புப் பட்டை.

இரண்டாவது, கால் திருகி விழுந்தவர். வெளிப்பக்க எலும்பு சாய்வாகப் பிளந்திருந்தது. 'முனைவர்', கறுப்புப் பட்டை.

ஹெர்மினெ நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், பட்டத்தை மறைக்கலையா?"

"சட்டம் பேரை மறைக்கச் சொல்லுது. படிவத்துல பேருக்கு ஒரு கட்டம், பட்டத்துக்கு ஒரு கட்டம். பட்டம் பேர் இல்லையே," என்றார் டாக்டர் எவெலின், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதோட பட்டத்தை எடுத்துட்டா மரியாதைக் குறைவுன்னு புகார் வரும். போன மாசம் வந்துச்சு."

மூன்றாவது, நான்காவது, எல்லாம் திருகல். ஐந்தாவது படம் வந்ததும் கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். குதிகால் எலும்பு மேலிருந்து நசுங்கி ஐந்தாறு துண்டாகக் கிடந்தது. அதன் மேல் உட்கார வேண்டிய கணுக்கால் எலும்பு கீழே அமுங்கியிருந்தது.

"இது பனியில சறுக்கி, கால் திருகி விழுந்தா ஆகுமா?" என்று கேட்டார் ஹெர்மினெ.

"ஆகவே ஆகாது. உயரத்துல இருந்து நேரா கல்லு மேல கால் ஊனி விழணும். மூணு, நாலு மீட்டர்." டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "பழைய டாக்டருங்க இதுக்குக் காதலன் முறிவுன்னு பேர் வெச்சிருக்காங்க. புருஷன் வீட்டுக்கு வந்துட்டான்னு பால்கனில இருந்து குதிக்கிறவங்களுக்கு வர்றதாம்."

கூடம் சிரித்தது. பிறகு படத்தின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தது. சிரிப்பு நின்றது.

'வணிகரத்தினம்', கறுப்புப் பட்டை.

இரண்டு பள்ளத்தாக்கிலும் சேர்த்து வணிகரத்தினம் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார், போன கோடையில் செத்துப்போனார். இருபது பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் பூட்ஸ் நாடாவை மறுபடி கட்டினார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் சொல்லப் போவதில்லை. எங்கள் மலையில் ரகசியம் காப்பதென்றால் அதுதான்.

"வியன்னாக்காரம்மா, உங்களுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்," என்று முணுமுணுத்தான் லோயிஸ்.

இடைவேளைக் காப்பியின்போது லோயிஸ் வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் பேரிக்காய் ரொட்டியை நீட்டி, பேச்சை ஆறாம் தேதிக் காலைக்குக் கொண்டுபோனான்.

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள், ரொட்டியை எடுத்துக்கொண்டே. "ஆனா ஒருத்தர் காலங்காத்தால வந்தார். மாயர்னு பேர் குடுத்தார். அது பொய்ப் பேருன்னு அவர் எழுதின மாதிரியிலேயே தெரிஞ்சுபோச்சு. பொய்ப் பேருக்கு ரகசியக் காப்பு கிடையாது, அதனால சொல்லலாம். மாயர், உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். அசையலை. மறுபடி கூப்பிட்டேன். கல்லு மாதிரி சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். வலியில முகமெல்லாம் வேர்வை! மூணு தரம். அப்புறம் என்னைக் கையக் காட்டி வரச் சொல்லி, பட்டத்தை எழுதிட்டியான்னு கேட்டார். எழுதி, பட்டத்தோட கூப்பிட்ட பிறகுதான் எந்திரிச்சார்."

லோயிஸ் காப்பியைக் கீழே வைத்தான். "பேரை மாத்தத் தெரிஞ்சவருக்குப் பட்டத்தை விட மனசு வரல."

"அது வரவே வராது," என்றார் ஹெர்மினெ. "பேர் அப்பா வெச்சது. பட்டம் அவரே வாங்கினது."

டாக்டர் எவெலின் பின்னால் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. தான் வைத்த கறுப்புப் பட்டை எதையும் மறைக்கவில்லை என்று அவருக்கு இப்போதுதான் புரிந்திருந்தது. "திரையில பாத்ததை நீங்க வெளிய சொன்னா என் உரிமம் போயிடும். நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது."

ஹெர்மினெ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்ததைச் சொல்ல மாட்டேன். சத்தியம்."

திரும்பும் வழியில் லோயிஸ் பொருமினான். "ஒருத்தன் சத்தியத்தால கேஸ் கெட்டுது. இப்ப நீங்களும் ஒண்ணு பண்ணிட்டீங்க மேடம். குதிகாலைக் காட்ட முடியாது, பட்டத்தைச் சொல்ல முடியாது. அஞ்சு மணிக்கு அவரே தலைவர் நாற்காலியில உக்காந்து அந்தப் பையனை வெளிய தள்ளுவார். நாம என்ன பண்ணப் போறோம், உருண்டை சூப் குடிக்கவா?"

"பாத்ததைச் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். பாக்காததைச் சொல்லலாமே."

ஆயிரம் மீட்டர் பலகை கடந்தது.

"நீ ஒரு கெட்ட பொம்பளை," என்றான் லோயிஸ், மரியாதையோடு.

சங்கக் கூட்டம் 'கறுப்புக் கரடி' விடுதியின் பெரிய கூடத்தில் நடந்தது. நாற்பது ஆண்கள், சுவரோரம் ஊர்ப் பெண்கள், ரம் கலந்த டீயின் வாசனை. மேடையில் கௌரவத் தலைவர் டாங்கல், மாவுக்கட்டுக் காலை மெத்தை போட்ட முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கோர்பினியன் நடுவில் நின்றான். புர்கி கதவருகே நின்றாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் கால் இருக்கிற நிலைமையில நான் இங்க வந்ததே பெருசு," என்று தொடங்கினார் டாங்கல். "கறுப்புப் பாதை, கண்ணாடி மாதிரி ஐஸ். இருந்தாலும் கடமை கூப்பிடுது. பதினேழாம் எண் பேய் ஒரு வீட்டுக்குள்ள பூந்து திருடியிருக்கு. நம்ம பாரம்பரியத்துக்கே அவமானம். கோர்பினியன், ஏதாவது சொல்லணுமா?"

கோர்பினியன் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். 'நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று அது கெஞ்சியது. டாங்கல் டீயைக் கலக்கினார்.

"ஒண்ணும் இல்ல," என்றான் கோர்பினியன்.

செயலாளர் பேனாவை எடுத்தார். அப்போது ஹெர்மினெ எழுந்தார்.

"ஒரு நிமிஷம். நான் வெளியூர்க்காரி. குதிச்சவனைக் கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். அவன் உங்க ஊரே இல்ல."

கூடம் சலசலத்தது. டாங்கலின் கரண்டி நின்றது.

"மாயர்னு யாரோ ஒருத்தன். கீழ பள்ளத்தாக்குல காலைக் காட்டிட்டுப் போயிருக்கான். அவன் எலும்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது ரகசியம். ஆள் எப்படிப்பட்டவன்னு மட்டும் சொல்லலாம். ரொம்பச் சாதாரண ஆள்." ஹெர்மினெ அந்தச் சொல்லை நிறுத்தி உச்சரித்தார். "கூலிக்காரனா இருக்கலாம். பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் மாயர்."

"அப்ப விஷயம் முடிஞ்சுது," என்றார் டாங்கல். குரலில் நிம்மதி இருந்தது. ஆனால் கழுத்தில் ஒரு சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"முடிஞ்சுது. நம்ம கௌரவத் தலைவர் மாதிரி பெரியவங்களையெல்லாம் சந்தேகத்துல இருந்து விலக்கிடலாம். ஏன்னா அந்த மாயருக்கு நாலு பேர் நடுவுல எப்படி நடந்துக்கணும்னே தெரியலையாம். டேய் மாயர்னு ஒரு குரல் குடுத்ததும்..."

"டேய்யா?" என்றார் டாங்கல்.

"...தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு விழுந்தடிச்சு ஓடினானாம். பஸ் டிரைவருங்களோட வரிசையில நிக்க வெச்சாங்களாம், நின்னானாம். அங்க இருக்கிறவங்க சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. இவ்வளவு எளிமையான, தன் தகுதி தெரிஞ்ச ஆளை நாங்க பாத்ததே இல்ல..."

"பொய்!"

முக்காலி உருண்டது. டாங்கல் ஒற்றைக் காலில் எழுந்து நின்றிருந்தார்.

"அப்பட்டமான பொய்! யாரும் ஓடலை! மூணு தரம் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. மூணு தரமும் நான் திரும்பிக்கூடப் பாக்கலை! வணிகரத்தினம்னு எழுதச் சொல்லி, வணிகரத்தினம் மாயர்னு கூப்பிட்டப்பறம்தான் எந்திரிச்சேன்! படிவத்துல இருக்கு, போய்ப் பாருங்க!"

நாற்பது ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நிமிஷத்துல உடைவார்னு நெனச்சேன். மூணு ஆச்சு," என்றான் லோயிஸ். "மன உறுதி உள்ள மனுஷன்தான்."

கதவருகே இருந்து புர்கி நடந்து வந்தாள். டாங்கலை அவள் பார்க்கவே இல்லை. நேராகக் கோர்பினியன் முன்னால் போய் நின்றாள்.

"இவருக்காகவா மூணு நாள் என்னை அழ விட்டே?"

"வயசான காலத்துல ஒரே ஒரு தடவை ஓடணும், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கேட்டார். பாவமா இருந்துச்சு. கை குடுத்துட்டேன்." அவன் குரல் உடைந்தது. "ஓட்டம் முடியறவரைக்கும் இந்த விடுதி நெலவறையில உருளைக்கிழங்கு மூட்டை மேல உக்காந்திருந்தேன் புர்கி. நீ ஒரு தடவை, உன்னை நம்பறேன்னு சொல்வேன்னு நெனச்சேன்."

"நீ ஒரு தடவை வாயத் தொறப்பேன்னு நான் நெனச்சேன்."

இருவரும் அழுதார்கள். நாங்களும்தான். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், டீயில் ரம் அதிகம் என்றார்கள்.

லோயிஸ் தகரப் பெட்டியோடு வரக் கால் மணி நேரமாயிற்று. தங்கக் கொம்பு ஹோட்டலின் பனிச்சறுக்குச் சாமான் அறையில், ஆட்டுத்தோலுக்கு அடியில், பேயின் முதுகுக் கூடைக்குள்ளேயே அது இருந்தது. கதவைத் திறந்துவிட்டவள் ரோஸினா.

"ஏன் எரிக்கலை?" என்று கேட்டார் ஹெர்மினெ.

டாங்கலுக்குப் பதிலாகத் தாள்களே சொல்லின. ஒவ்வொரு கையெழுத்துக்கும் நேரே பென்சிலில் ஒரு கோடு. புத்தாண்டு விருந்துக்கு யாரையெல்லாம் கூப்பிடக் கூடாது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். முதல் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து ரோஸினா டாங்கல். அதற்கு நேரே மட்டும் கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இருந்தது. பென்சில் அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கோர்பினியன் திருடவில்லை, நீக்கம் ரத்து. ஆனால் எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்தது குற்றம், பிரிவு ஒன்பது. தண்டனையாக வருகிற வருடம் அவன் பேயாக ஓடக் கூடாது, குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்க வரும் நிக்கோலாஸ் சாமியாரோடு வெள்ளை இறக்கை கட்டிக்கொண்டு தேவதையாக நடக்க வேண்டும்.

"இறக்கைய நான் தெச்சுத் தரேன்," என்றாள் புர்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். இன்னொரு கை கோர்பினியன் சட்டையைப் பிடித்திருந்தது.

திருட்டுக்குப் போலீஸ் இருக்கிறது. ஆனால் கௌரவத் தலைவரை நீக்கச் சங்கத்தில் பிரிவே இல்லை. எவ்வளவு புரட்டியும் கிடைக்கவில்லை. கௌரவம் கொடுப்பதற்குப் பதினான்கு பிரிவு, எடுப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் நாட்டுச் சட்டங்கள் எல்லாமே அப்படித்தான். கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. டாங்கல் மெல்ல உட்கார்ந்து, முக்காலியைத் தானே இழுத்துக் காலை வைத்துக்கொண்டார். முகத்தில் பழைய களை திரும்பத் தொடங்கியது.

அப்போது பரிமாறுகிற டிராவ்டி தட்டோடு வந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு டீ கொடுக்கிறவள். காலிக் கோப்பையை எடுத்தாள்.

"டாங்கல்," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "உனக்கு இன்னொரு டீ வேணுமா?"

டாங்கல் சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள்.

பிறகு அவர் திரும்பினார். "சரி, குடு," என்றார்.